கற்ற கையும் கல்லாத கையும்

லேமான் ஏரியின் வடகரையில் மேடும் சரிவுமாக அடுக்கடுக்காய் எழுந்து நிற்கும் லோசான் நகரத்தில், கலைக் கல்வியைப் பற்றிச் சிந்திக்கிற எவரும் சிறிது நேரம் நின்று பார்க்கத்தக்க ஒரு தெரு இருக்கிறது. அதன் ஒருபுறத்தில் போலியூ என்னும் பெரிய அரங்கு. பல தேசங்களிலிருந்தும் பதினைந்து முதல் பதினெட்டு வயது வரையுள்ள பாலே நர்த்தகர்கள் ஆண்டுதோறும் வந்து போட்டியிடுகிற, 1973இல் தொடங்கிய 'லோசான் பரிசு' வளர்ந்து பெயர் பெற்றது அங்கேதான். மறுபுறத்தில், 18ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்றில், கலைப் பயிற்சி எதுவுமே பெறாத மனிதர்கள், மனநோய் மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் ஒதுக்குப்புறமான அறைகளிலும் இருந்துகொண்டு படைத்தவற்றைத் திரட்டி வைத்திருக்கும் 'ஆர் புரூட்' காட்சிசாலை. ஒரு வாசல், இளமையிலே தொடங்கி இடைவிடாது செய்த அப்பியாசத்தினாலன்றிக் கலை கைவராது என்று சாதிக்கிறது. எதிர்வாசல், அந்த அப்பியாசமே கலையின் மூச்சை அடைக்கும் கயிறு என்கிறது. இரண்டையும் ஒரே ஊரார் தங்கள் நகரத்தின் பெருமையாகக் கருதிப் போற்றி வருகிறார்கள்.

இவ்வழக்கில் எந்தக் கட்சியின் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லப் பலர் முயன்றிருக்கிறார்கள். அது தீராமல் இழுத்துக்கொண்டே போவதற்குக் காரணம், கலைக் கல்வியின் பிரயோஜனம் கலைஞர்களை உண்டாக்குவதே என்பதை இரு கட்சியாரும் விசாரணையின்றியே ஒப்புக்கொண்டு வாதத்தைத் தொடங்குவதுதான் என்பது என் அபிப்பிராயம். லோசானும் அதைத் தலைநகராகக் கொண்ட வோ மாநிலமும் இரண்டு நூற்றாண்டுகளாக இத்துறையில் செய்தவற்றையும், செய்து கைவிட்டவற்றையும், தாம் செய்யாமலே தம்மிடத்தில் நிகழ்ந்துவிட்டவற்றையும் நிதானமாகத் தொடர்ந்து பார்க்கிறவருக்கு, அக்கல்வியின் நிலைத்த பயன் வேறோரிடத்தில் இருப்பது புலப்படும்.

இந்தச் சரித்திரத்தின் தொடக்கத்தை லோசானில் தேடுவதைவிட, அதற்கு வடக்கே நியூசாத்தெல் ஏரிமுனையிலுள்ள இவெர்டோன் என்ற சிற்றூரின் கோட்டைக்குள் தேடுவதே தகும். 1805ஆம் ஆண்டு முதல் 1825ஆம் ஆண்டு வரை பெஸ்தலோட்சி என்ற ஆசான் அங்கே ஒரு பாடசாலை நடத்தினார். பார்வையைப் பழக்குவதற்கான அரிச்சுவடி ஒன்றை 1803இலேயே வெளியிட்டிருந்த அவர், குழந்தை எழுத்தை எழுதத் தொடங்குமுன் கோடு இழுக்கக் கற்க வேண்டும், கோட்டுக்குப்பின் கோணத்தையும், கோணத்துக்குப்பின் வளைவையும் கண்ணால் அளந்து கையால் போடக் கற்க வேண்டும் என்று வகுத்தார். சித்திரம் என்பது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்காகவோ, சித்திரக்காரன் மகனுக்கு மட்டும் உரிய குலவித்தையாகவோ கருதப்பட்டு வந்த காலத்தில், அதனை எண்ணுக்கும் எழுத்துக்கும் இணையாக எல்லாக் குழந்தைகளுக்கும் உரிய அடிப்படைப் பயிற்சியாக வைத்தது சாமானியமான காரியம் அன்று. அவருடைய முறையில் குறைகள் பல இருந்தன. ரோஜாவை வரைய விரும்பிய குழந்தையைச் சதுரம் போட வைத்து அலுப்பூட்டியது அது. பின்வந்தவர்கள் அம்முறையை இன்னும் இறுக்கி, பலகை பலகையாக நேர்கோடுகள் போடும் வறட்டுச் சடங்காக ஆக்கினார்கள். எனினும் 1808இல் அங்கே வந்து இரண்டு ஆண்டுகள் தங்கிப் பார்த்துச் சென்ற ஃபுரோபெல், பிற்காலத்தில் குழந்தைகளின் கையில் பந்தையும் மரக்கட்டைகளையும் கொடுத்த கிண்டர்கார்டன் முறையைச் சமைத்தபோது, இவெர்டோனின் விதைதான் வேறு மண்ணில் முளைத்தது.

பெஸ்தலோட்சியின் பாடசாலை தள்ளாடிக்கொண்டிருந்த காலத்திலேதான், 1821இல், லோசானில் சித்திரப் பள்ளி ஏற்பட்டது. இந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். 1536 முதல் பெர்ன் நகரத்தாரின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த வோ நாடு, சுவிஸ் கூட்டாட்சியில் தனி மாநிலமானது 1803இல்தான். அந்தச் சிறு அரசு தனக்கென்று ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்த தருணம் அது. பள்ளியை முதன்முதல் நடத்திய மார்க் லூயி அர்லோ என்ற ஓவியர், தம் கைப்பொருளைக் கொடுத்து ஒரு காட்சிசாலையும் எழுப்ப உதவினார். ரிபோன் சதுக்கத்தில் 1841இல் அது திறக்கப்பட்டது. அவர் விட்டுச்சென்ற தனத்தைக் கொண்டு, பெர்ன் ஆட்சிக்கு எதிராக எழுந்து 1723இல் தலை வெட்டுண்டு மாண்ட தாவெல் என்ற தளபதியின் இறுதி நேரத்தைப் படமாக எழுதித் தருமாறு, வோ மாநிலத்தில் பிறந்து பாரிசில் பெயர் பெற்றிருந்த சார்ல் கிளேர் என்பவரிடம் கேட்டார்கள். 1850இல் முடிந்த அந்தச் சித்திரம் ஒரு தலைமுறைக்கல்ல, நான்கைந்து தலைமுறைகளுக்கு அந்நாட்டாரின் வீர சின்னமாக விளங்கியது. 1980இல் எவரோ காட்சிசாலைக்குள் அதற்குத் தீ வைத்துவிட்டார்கள். அழுதுகொண்டு நிற்கும் ஒரு போர்வீரனின் உருவம் மட்டும் துண்டாக எஞ்சியது. நிரந்தரமாக இருக்கும் என்று எண்ணி அர்லோவின் பொருளைக் கொண்டு செய்வித்த படம் அழிந்தது. மாணவர்கள் வந்துபோகும் இடமாகத் தொடங்கிய பள்ளியோ, பெயரும் இடமும் பாடமும் பலமுறை மாறியும், இருநூறு ஆண்டுகளைக் கடந்து இன்றும் நடக்கிறது.

அந்தப் பள்ளியைக் காட்டிலும் நான் சுவாரசியமாகக் கருதுவது, அதே நகரத்தில் இருந்த தொழிற்பள்ளியின் சித்திர வகுப்பை. பிரான்சுவா பொசியோன் என்ற ஓவியர் 1849 முதல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அங்கே ஆசிரியராக இருந்தார். லேமான் ஏரியின் வெளிச்சத்தையும் பாய்மரப் படகுகளையும் அவரைப்போல் எழுதியவர் இல்லை என்று இன்று அவருடைய படங்களைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அவருக்குச் சோறு போட்டது, கடைக்கும் பட்டறைக்கும் போகப்போகிற பையன்களுக்குக் கோடும் நிழலும் சொல்லிக்கொடுத்த வேலைதான். அவரிடம் சித்திரம் பயின்றவர்களுள் எழேன் கிராசே என்பவர் ஒருவர். மரச்சாமான் செய்யும் தச்சரின் மகன், 1845இல் லோசானில் பிறந்தவர். பிற்காலத்தில் பாரிசுக்குப் போன கிராசே, சட்டத்துக்குள் மாட்டும் ஓவியம் ஒன்றையே கலை என்று எண்ணியிருந்தால் இரண்டாந்தர ஓவியர்களுள் ஒருவராக மறைந்திருப்பார். அவரோ சுவரொட்டி எழுதினார். வண்ணக் கண்ணாடிச் சாளரங்களுக்கு மாதிரி வரைந்தார். மேசை நாற்காலி வகுத்தார். தம் பெயராலேயே வழங்கும் அச்செழுத்தை உருவாக்கினார். லாரூஸ் அகராதியின் அடையாளமாகிய, சீமைக் காட்டுச்செடியின் பஞ்சு விதையை ஊதிப் பறக்கவிடும் பெண்ணின் உருவத்தை 1890இல் வரைந்தவரும் அவரே. பாரிசில் அவர் ஆசிரியராக அமர்ந்தபோது, செடியின் இலையையும் தண்டையும் பூவையும் முதலில் உள்ளபடியே வரைவித்து, பிறகு அதே வடிவத்தைத் துணிக்கும் ஓட்டுக்கும் இரும்புக் கிராதிக்கும் ஏற்றபடி மாற்றுவித்தார். அந்த முறையில் அவரும் மாணவர்களும் செய்த தாவர அலங்காரத் தொகுதி 1896இல் வெளிவந்தது. நூதன அலங்காரக் கலை என்று ஐரோப்பா முழுவதும் ஒரு கால் நூற்றாண்டு பரவிய அந்தக் கொடியோட்டம் பின்னர் முற்றிலும் நாகரிகம் இழந்து போயிற்று. ஆனால் பொருளின் இயல்பை அறிந்து அதற்கேற்ப வடிவத்தை இசைவிக்கும் பழக்கம், நேர்கோட்டையே வேதமாகக் கொண்ட அடுத்த தலைமுறையாருக்கும் தேவைப்பட்டது.

லோசானில் பிறந்து பாரிசில் புகழ்பெற்ற மற்ற இருவரையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: கறுப்புப் பூனைச் சுவரொட்டியை 1896இல் வரைந்த ஸ்தேன்லென், மரச்செதுக்கு அச்சுக்கலைக்குப் புத்துயிர் தந்த வல்லோத்தோன். கற்பித்தது ஓர் ஊர், உண்டு வாழ்ந்தது ஓர் ஊர் என்பது அக்காலத்துச் சுவிஸ் கலைஞர்களின் பொதுத் தலையெழுத்து.

தாவெல் படத்தை எழுதிய கிளேரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1843 முதல் சுமார் இருபது ஆண்டுகள் பாரிசில் அவர் நடத்திய சித்திரச்சாலையில், மாதிரிக்கு நிற்பவர்களின் கூலிக்கும் இடத்தின் வாடகைக்கும் மட்டுமே மாணவர்கள் பணம் செலுத்தினார்கள். தமக்கென்று அவர் ஒரு காசும் வாங்கவில்லை. அங்கே 1862ஐ ஒட்டி வந்து சேர்ந்தவர்கள் மோனே, ரெனுவார், சிஸ்லே, பசீல் ஆகிய நால்வர். சித்திர சரித்திரத்தைச் சுருக்கிச் சொல்கிறவர்கள், பழமைவாதியான ஆசிரியரை உதறிவிட்டு இந்த இளைஞர்கள் வெளியே ஓடி ஒளியைக் கண்டார்கள் என்று கதையை முடித்துவிடுகிறார்கள். மாதிரியின் பாதம் பெரிதாக இருந்தாலும் பழைய கிரேக்கச் சிலையை நினைத்துக்கொண்டு வரைய வேண்டும் என்று கிளேர் வற்புறுத்தியது மோனேவுக்குப் பிடிக்கவில்லை என்பது மெய்தான். ஆனால் அந்த நால்வரும் ஒருவரையொருவர் சந்தித்த இடம் எது? ஒரே உடலைப் பல நாள் உற்றுப் பார்த்து, பக்கத்திலிருப்பவன் அதை எப்படிப் பார்த்தான் என்றும் எட்டிப் பார்த்து, இரவில் அதைப் பற்றிச் சண்டையிட்டுக்கொள்ளும் வாய்ப்பை யார் அவர்களுக்குக் கொடுத்தது? ஆசிரியரின் சித்தாந்தம் தோற்ற இடத்திலும் அவர் கூட்டிய கூட்டம் ஜெயித்திருக்கிறது. எதிர்த்து நிற்பதற்கும் ஒரு சுவர் வேண்டும். அந்தச் சுவர் கட்டணம் வாங்காமல் நின்றது விசேஷம்.

கலையின் உருவம் மாறுவதை நூல்களில் படிக்காமல் கண்ணெதிரே காண்பதற்கு லோசான் கொடுத்த பெரிய சந்தர்ப்பம், 1962 முதல் 1995 வரை அங்கே பதினாறு முறை கூடிய உலகச் சித்திர நெசவுக் கண்காட்சி. சித்திர நெசவு என்பது ஐரோப்பாவில் மத்திய காலம் முதல் அரண்மனைச் சுவர்களை மூடிய கலை. ஓவியர் காகிதத்தில் முழு அளவு மாதிரிப் படம் எழுதிக் கொடுப்பார். ஓபுசோன் போன்ற ஊர்களிலுள்ள பட்டறைத் தொழிலாளர் அதைப் பாவிலும் ஊடையிலும் பிசகின்றி மாற்றி நெய்வர். மங்கிக்கொண்டிருந்த அந்தத் தொழிலை 20ஆம் நூற்றாண்டின் நடுவில் தூக்கி நிறுத்தியவர் ழான் லூர்சா என்ற பிரெஞ்சு ஓவியர். லோசான் நகரத்தாரின் ஆதரவோடும் பியேர் போலி என்பவரின் உழைப்போடும் இரண்டாண்டுக்கு ஒருமுறை கூடும் இக்கண்காட்சியை அவர் தொடங்கினார். புராதனமான கைத்தொழிலின் கௌரவத்தைக் காப்பதே அவருடைய உத்தேசம். சுவரை நிறைக்கும் பெரிய அளவில், மரபு வழுவாமல், ஓவியனும் நெசவாளியும் கைகோத்துச் செய்த திரைகளை அவர் எதிர்பார்த்தார்.

முதல் கூட்டத்திலேயே போலந்து தேசத்திலிருந்து வந்த சில பெண்கள் அந்த எதிர்பார்ப்பைக் கலைத்துவிட்டார்கள். வார்சா கலைக் கல்லூரியில் பயின்ற மக்தலேனா அபகனோவிச் என்ற முப்பத்திரண்டு வயதுப் பெண் அனுப்பிய 'வெண்மை வடிவங்கள்' என்ற நெசவில், பிசகின்றி நகல் செய்வதற்கு மாதிரிப் படமே இல்லை; துணி உலர்த்தும் பழைய பருத்திக் கயிற்றைக்கூட ஊடையாக்கி, தறியின் முன் அமர்ந்து, நூலின் தடிப்பும் திருகலும் சொல்லியபடியே தன் கையால் நெய்திருந்தாள். போருக்குப் பிந்திய போலந்தில் பட்டுநூலும் கிடைக்காது, கூலி கொடுத்து அமர்த்தப் பட்டறையும் கிடைக்காது. இல்லாமையே அங்கே இலக்கணத்தை எழுதிற்று. பிரெஞ்சு மரபினர் முகம் சுளித்தார்கள். பிறகு நடந்ததை யாராலும் தடுக்க முடியவில்லை. துறைமுகங்களில் கழித்துப் போட்ட கற்றாழை நார்க் கயிறுகளைப் பிரித்துச் சாயமேற்றி, ஆள் உயரத்துக்கும் மேலாகத் தொங்கும் கனத்த உருவங்களை அதே பெண் நெய்யத் தொடங்கினாள். 1960களின் இறுதிக்குள் திரைச்சீலை சுவரைவிட்டு இறங்கி, மண்டபத்தின் நடுவில், உள்ளே புகுந்து சுற்றி வரத்தக்க சிற்பமாக நின்றது. சித்திரம், நெசவு, சிற்பம் என்று காட்சிசாலைகள் பிரித்து வைத்திருந்த அறைகளில் எதில் இதைக் கொண்டுபோய் வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. 1995க்குப் பிறகு கண்காட்சி நின்றுவிட்டது. நெசவு தன் எல்லைகளையெல்லாம் கடந்துவிட்டபின் நெசவுக்கென்று தனிக் கண்காட்சி எதற்கு என்ற கேள்வி எழுந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று கொள்ளலாம். லோசானின் கலைக் காட்சிசாலை 2023இல் அபகனோவிச்சின் நெசவுகளைத் திரட்டிக் காட்டியபோது, அவை ஏற்கெனவே செவ்வியற் படைப்புகளாகிவிட்டிருந்தன.

இந்தக் கதையிலிருந்து, மரபை உடைப்பதே கலை என்று அவசரப்பட்டு நீதி எடுப்பவர்கள் உண்டு. உடைத்தவள் யார் என்று அவர்கள் கேட்பதில்லை. பாவை எவ்வளவு இழுத்துக் கட்டினால் எவ்வளவு பாரம் தாங்கும், தடித்த கயிறும் மெல்லிய நூலும் ஒரே ஊடையில் சேர்ந்தால் எது எதைத் தின்னும் என்று விரலால் அறிந்த ஒருத்திக்கே தறியைச் சுவரிலிருந்து விடுவிக்கத் தெரிந்தது. காகிதத்தில் படம் எழுதிக்கொடுத்துவிட்டுப் போன பெரிய ஓவியர்களுக்கு, தைரியம் இருந்தும், அது தெரியவில்லை.

இனி எதிர்வாசலின் வாதத்தைக் கேட்போம். கேட்காமல் மேலே போவது நேர்மையாகாது. ழான் துபுஃபே மது வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, அந்த வியாபாரத்தையும் நடத்தி, நாற்பது வயதை ஒட்டி அதைத் துறந்து ஓவியரானவர். 1945இல் சுவிட்சர்லாந்து தேசத்தின் மனநோய் மருத்துவமனைகளைச் சுற்றிப் பார்த்த அவர், அங்கே நோயாளிகள் எவருக்கும் காட்டும் எண்ணமின்றிச் செய்தவற்றில், பாரிஸ் ஓவியசாலைகளில் காணாத வேகத்தைக் கண்டார். கற்றவர்களின் கலை ஒருவரையொருவர் பார்த்து எழுதும் நகல் என்றும், பள்ளியையும் காட்சிசாலையையும் அறியாத உள்ளத்திலிருந்து பீறிட்டெழுவதே அசல் சிருஷ்டி என்றும் 1949இல் எழுத்திலேயே முழங்கினார். தாம் சேகரித்த சுமார் 5,000 படைப்புகளைப் பாரிசின் ஸ்தாபனங்கள் விழுங்கிவிடக் கூடாதென்று அஞ்சி, 1971இல் லோசான் நகரத்துக்கு நன்கொடையாக அளித்தார். 1976 பிப்ரவரியில் அவை பொதுமக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டன. சுவர்களெல்லாம் கறுப்புப் பூசிய அந்த மாளிகைக்குள் நுழைகிறவர், காட்சிசாலைகளில் இயல்பாகத் தோன்றும் பக்தி உணர்ச்சியைக் காட்டிலும் ஒருவித அச்சத்தையே அடைகிறார்.

அங்கே மிகுந்த இடம் பெற்றிருப்பவர்களுள் ஒருத்தி அலோயிஸ் கோர்பா. 1886இல் லோசானில் பிறந்தவள். பாடகியாக வேண்டுமென்று ஆசைப்பட்டவள். ஜெர்மனியில் போட்ஸ்டாம் அரசவையைச் சேர்ந்த ஒரு மதகுருவின் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய், தூரத்திலிருந்து கண்ட சக்கரவர்த்திமீது காதல் கொண்டு அறிவு கலங்கியவள். 1918இல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவள், 1964இல் இறக்கும் வரை வெளியுலகத்துக்குத் திரும்பவில்லை. முதலில் ஒளித்து ஒளித்து வரைந்தாள். காகிதம் கிடைக்காதபோது பொட்டலத் தாள்களை நூலால் தைத்து இணைத்தாள். வண்ணம் இல்லாதபோது பூவிதழின் சாற்றையும் பற்பசையையும் பயன்படுத்தினாள். கண்கள் முழுதும் நீலம் நிறைந்து கருமணியற்று நிற்கும் ராணிகளும், அவர்களைத் தழுவும் தளபதிகளும், நாடக மேடைகளும் பூக்களும் நிறைந்த அவளுடைய சுருள் ஒன்று பதினான்கு மீட்டர் நீளம். இவளுக்கு எந்தச் சித்திரப் பள்ளி என்ன கற்றுக்கொடுத்திருக்க முடியும்? எதுவும் முடியாது என்று துபுஃபேயோடு சேர்ந்து ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் அங்கேயே வாதம் முடிந்துவிடவில்லை. அலோயிஸின் தாள்கள் குப்பைக்குப் போகாமல் தப்பியதற்குக் காரணம், 1940கள் முதல் அவளைத் தொடர்ந்து சென்று பார்த்த ஜாக்லின் போரே-ஃபொரெல் என்ற பெண் மருத்துவர்; கிறுக்கலுக்கும் வரைவுக்கும் உள்ள பேதம் அவருக்குத் தெரிந்திருந்தது. துபுஃபே 1918இல் பாரிசின் ழூலியான் சித்திரச்சாலையில் ஆறு மாதம் இருந்து வெளியேறியவர். வெளியேறினாலும், தாம் வெறுத்தது இன்னதென்று அறிவதற்கு அந்த ஆறு மாதமும் அதன் பின்னே இருபது ஆண்டுப் பார்வையும் அவருக்குத் தேவைப்பட்டன. கல்லாத கை தானே எழும். அதை அடையாளம் கண்டுகொள்ளும் கண் மட்டும் தானே எழுவதாகத் தெரியவில்லை. பெஸ்தலோட்சி எல்லாக் குழந்தைகளுக்கும் வேண்டுமென்ற கல்வி இந்தக் கண்ணுக்கான கல்விதான். கலைப் பள்ளி படைப்பவர்களை உண்டாக்குகிறதா என்ற தர்க்கத்தில் இதை நாம் மறந்துவிடுகிறோம்.

இரு வகையிலும் சேராமல் இடைநடுவில் நிற்கும் லூயி சூத்தரின் வாழ்க்கை, இவ்விஷயத்தில் எல்லாச் சித்தாந்தங்களையும் சங்கடப்படுத்துகிறது. லோசானுக்கு அருகேயுள்ள மோர்ஜ் நகரில் 1871இல் பிறந்த அவர், கட்டிடக் கலையும் வயலினும் ஓவியமும் முறையாகக் கற்றார்; அமெரிக்காவின் கொலராடோ கல்லூரியில் சித்திரப் பிரிவின் தலைவராகவே இருந்தார். பிறகு வாழ்க்கை சரிந்தது. 1923இல் ஐம்பத்திரண்டாம் வயதிலேயே அவரை ஜூரா மலையிலுள்ள பலேக் முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே பள்ளி நோட்டுகளில் நூற்றுக்கணக்கில் வரைந்தவர், 1937ஐ ஒட்டி, கையும் கண்ணும் ஒத்துழைக்க மறுத்த நிலையில், விரலையே மையில் தோய்த்து, கைகளை உயர்த்தி அலறுவதுபோன்ற கறுத்த மனித உருவங்களை எழுதினார். அவருடைய உறவினரும், பிற்காலத்தில் நம் சண்டிகரை வகுத்தவருமான லெ கொர்பூசியே, விரல் உருவங்களுக்கு முந்திய அவருடைய சித்திரங்களைப் பற்றி 1936இலேயே எழுதத் தொடங்கியிருந்தார். சூத்தரைக் கல்லாதவர்களோடு சேர்ப்பதா என்ற விவாதம் நெடுநாள் நடந்தது. கற்றதையெல்லாம் அவர் மறந்துவிட்டார் என்று சிலர் சொன்னார்கள். அந்த விரல் உருவங்கள் காகிதத்தின் வெண்மையைப் பங்கிட்டு நிற்கும் விதத்தைப் பார்க்கிறவர், மறந்தது பேனாவை மட்டுமே என்பார்.

எதிரேயிருக்கும் பாலே அரங்குக்கு வந்தால், அங்கே பரிசாகக் கொடுக்கப்படுவது பெரும்பாலும் ஓராண்டுப் படிப்புக்கான உபகாரச் சம்பளம் என்பதைக் கவனிக்க வேண்டும். கடிகார உறுப்புகள் செய்யும் தொழிலதிபரான பிலிப் பிரௌன்ஷ்வைக் என்பவரும், நர்த்தகியாக இருந்த அவர் மனைவி எல்வீரும் இதைத் தொடங்கியபோது, வெற்றி பெறுகிறவன் பெறுவது மேலும் கற்கும் உரிமையே என்று அமைத்தார்கள். நடுவர்கள் மேடையாட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை. அந்த வாரத்தின் வகுப்புகளில் மாணவன் திருத்தத்தை எப்படி ஏற்றுக்கொள்கிறான் என்பதையும் பார்க்கிறார்கள். 1990இல் இங்கே தங்கப் பதக்கம் பெற்ற கார்லோஸ் அகோஸ்தா, ஹவானா நகரத்தின் ஏழைப் பேட்டையிலிருந்து வந்த லாரி ஓட்டுநரின் மகன். பழைய பாலேயோடு நவீன நடனமும் சேர்த்தே இப்போது ஆட வேண்டும். உருவம் இரட்டித்துவிட்டது, காலையில் கம்பியைப் பிடித்து நின்று முழங்காலை மடக்கும் பயிற்சி மாறவில்லை.

நம்மவருக்கு உறவு தோன்றும் பெயர் இன்னொன்று அங்கே உண்டு. பிரெஞ்சு நடன ஆசான் மோரிஸ் பெழார், 'பக்தி' என்ற ஆட்டத்தை 1968இல் அமைத்தவர். பிரஸ்ஸல்ஸில் 'முத்ரா' என்ற நடனப் பள்ளியையும், 1987இல் லோசானில் குடியேறியபின், 1992இல் 'ருத்ரா' என்ற பள்ளியையும் நிறுவினார். நடனத்தோடு பாட்டும் தாளமும் ஜப்பானிய வாள்வித்தையும் சேர்த்துப் பயிற்றுவித்த அந்தப் பள்ளி, 2007இல் அவர் மறைந்த பின்னும் நடந்து, நிர்வாகத்தைப் பற்றிய முறைப்பாடுகளுக்குப்பின் 2021இல் நிறுத்தப்பட்டது. உடலைக் கருவியாகக் கொண்ட கலைகளில் ஆசிரியரின் அதிகாரத்துக்கு எல்லை எது என்ற கேள்வி, குருகுல முறையை எண்ணி உருகும் நம் ஊருக்கும் உரியது. அதை நாம் இன்னும் உரக்கக் கேட்கவில்லை.

1821இன் சித்திரப் பள்ளி, இன்று எக்கால் என்ற பெயரோடு, லோசானின் மேற்குப் புறநகராகிய ரெனானில் இருக்கிறது. பெண்களுக்கான காலுறை நெய்த ஈரில் தொழிற்சாலையின் கட்டடத்தை, லோசானில் பிறந்த பெர்னார் சூமி என்ற கட்டிடக் கலைஞர் மாற்றியமைக்க, 2007இல் பள்ளி அங்கே குடிபுகுந்தது. எழுத்துரு, ஒளிப்படம், திரைப்படம், நாற்காலி, கணினித் திரையில் விரலுக்கு அசையும் உருவங்கள் எல்லாம் அங்கே பாடங்கள். அருகிலுள்ள பொறியியற் கல்லூரியோடு கூட்டாக ஓர் ஆய்வுக்கூடமும் உண்டு. விளம்பர நிறுவனங்களுக்கும் மேசை விளக்குக் கம்பெனிகளுக்கும் ஆள் தயாரிக்கும் இடமாகிவிட்டதென்று முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள். பொசியோனின் வகுப்பும் கடைக்கும் பட்டறைக்கும்தான் ஆள் தயாரித்தது என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

சென்னையிலும் ஏறக்குறைய இதே காலத்தில் இதே கதை தொடங்கிற்று. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற வைத்தியர் 1850இல் தம் முயற்சியால் தொடங்கிய சித்திரப் பள்ளி, மட்பாண்டமும் மரவேலையும் செதுக்கு வேலையும் கற்பித்துக் கைவினைஞர்களை உருவாக்குவதை நோக்கமாகக் கொண்டது. 1929இல் தேவிபிரசாத் ராய் சௌதுரி முதல்வரானபின் அது ஓவியர்களின் பள்ளியாயிற்று. 1957இல் அவருக்குப்பின் வந்த கே. சி. எஸ். பணிக்கர், படித்து வெளியேறும் மாணவர்கள் பிழைக்க வழியின்றித் தூரிகையைக் கைவிடுவதைக் கண்டு, 1966இல் அவர்களைக் கூட்டிச் சோழமண்டலக் கலை கிராமத்தை அமைத்தார். அங்கே குடியேறியவர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தப் பணத்தில் படம் எழுதினார்கள். ஹண்டர் விரும்பிய கைத்தொழில், கலையின் சமையற்கட்டு வழியாக மறுபடியும் உள்ளே வந்துவிட்டது. மேல்படியில் நமக்குக் குறை அதிகமில்லை. பெஸ்தலோட்சி பேசிய கீழ்ப்படியில்தான் நாம் வறியவர்களாக நிற்கிறோம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு 2012இல் ஓவியத்துக்கும் தையலுக்கும் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்களுக்கு அப்போது மாதச் சம்பளம் 5,000 ரூபாயாக இருந்தது. ஓவிய வகுப்பின் மணி அடித்ததும் கணக்கு வாத்தியார் உள்ளே நுழையும் காட்சியைக் காணாமல் வளர்ந்த தமிழர் அபூர்வம்.

லோசானிலேயே வளரும் தமிழ்க் குழந்தைகளின் நிலை இதற்கு நேர்மாறானது. 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்கள். சுவிட்சர்லாந்தின் பிரெஞ்சு மொழி மாநிலங்கள் 2010இல் பொதுவாக வகுத்துக்கொண்ட பாடத்திட்டத்தில், இசையும் காட்சிக் கலையும் கைவேலையும் மொழிக்கும் கணக்கிற்கும் பக்கத்திலேயே இடம் பெற்றிருப்பதால், வாரநாளில் அக்குழந்தை அரசு ஆசிரியரிடம் ஊசியும் அரமும் தூரிகையும் பிடிக்கப் பழகுகிறது. சனிக்கிழமையில், பெற்றோர் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில், அரைமண்டியில் அமர்ந்து தட்டடவிலிருந்து தொடங்குகிறது. 1936இல் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி, பரதநாட்டியத்தின் மேடையையும் உடையையும் சபையையும் மாற்றியபோதும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற அடவு வரிசையை விட்டுவிடவில்லை. அதே வரிசை இன்று ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் தட்டுக்கழியின் ஓசைக்கு நடக்கிறது. கோடு, கோணம், வளைவு என்று பெஸ்தலோட்சி கைக்கு வகுத்ததை, நம் ஆசான்கள் காலுக்கும் இடுப்புக்கும் கண்ணுக்கும் எப்போதோ வகுத்து வைத்திருக்கிறார்கள். ஆயினும் வாரநாள் ஆசிரியரும் சனிக்கிழமை ஆசிரியரும் ஒருவரையொருவர் அறியார். ஒருவர் கற்பிப்பதை மற்றவர் கலை என்று எண்ணுவதாகவும் தெரியவில்லை. பத்தாண்டுப் பயிற்சி அரங்கேற்றத்தில் வந்து நிற்கிறது. மண்டபம், பக்கவாத்தியம், பட்டு, அழைப்பிதழ், விருந்து என்று பெற்றோர் பெரும்பொருள் செலவிட்டு நடத்தும் அந்த மாலைக்குப்பின், மருத்துவமோ வங்கித் தொழிற்பயிற்சியோ தொடங்குகிறபோது, சலங்கை பெரும்பாலும் பெட்டிக்குள் போய்விடுகிறது. அதே லோசானில், 2003இல் ஏற்பட்ட மனுஃபாக்தூர் என்ற மேடைக்கலைக் கல்லூரி 2014 முதல் சமகால நடனத்துக்குப் பட்டமே கொடுத்து வருகிறது. அடவில் பத்தாண்டு ஊறிய உடல் அந்த வகுப்புக்குள் நுழைந்தால் அங்கே கற்பிக்கப்படும் நடனத்துக்கும் அடவுக்கும் என்ன நேரும் என்பதை அறிய, முதலில் யாராவது ஒரு தாய் தன் மகளுக்கு அந்த விண்ணப்பப் படிவத்தை வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.